புதுப்பிப்பு: வேலைப் பட்டியல் செயலி முடிவாகிவிட்டது

கடைக் கணினி, என் ஆண்ட்ராய்டு, மனைவியின் ஐபோன் மூன்றிலும் ஒரே பட்டியல் தெரியவேண்டும், எது நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். மைக்ரோசாஃப்ட் டு டூ செயலியைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். இலவசம். பட்டியலின் இணைப்பை அனுப்பினால் இருவரும் திருத்தலாம். ஆளுக்கொரு மைக்ரோசாஃப்ட் கணக்கு மட்டும் வேண்டும்.

சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி செம்பனைத் தோட்டத்துக்குள் சாமான் கொடுக்கப் போனால் லைன் கிடைக்காது. அங்கேயே டிக் போட்டுவிடுவேன். பெரிய ரோட்டுக்கு வந்ததும் கடைக் கணினியில் தானாக மாறிவிடுகிறது. எனக்கு இது ஒன்றே போதும்.

மனைவிக்கு ஆப்பிள் ரிமைண்டர்ஸ்தான் பிடித்திருந்தது, ஆனால் ஆண்ட்ராய்டுக்கு அந்தச் செயலியே இல்லை. சிலர் சொன்ன வண்டர்லிஸ்ட் செயலி? 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2020-இல் மூடிவிட்டது.

அப்பா மட்டும் மசியவில்லை. அவர் பட்டியல் இன்னும் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில்தான்.