வெற்றுப் புறோநோட்டும் லோயர் கடிதமும்

முரசுமோட்டைச் சித்தி, மாலை 5.42
எல்லோருக்கும் வணக்கம். இன்று பதிவுத் தபாலில் எனக்கு ஒரு லோயர் கடிதம் வந்திருக்கிறது. காலபோக விதைப்புக்காகக் கிளிநொச்சியில் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கிய காசுக்காக 450,000 ரூபாயை 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும் என்றும், கட்டாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைப்பார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. கூடவே வந்த புறோநோட்டின் (கடனைத் திருப்பித் தருவேன் என்று கையெழுத்து வைத்துக் கொடுக்கும் பத்திரம்) போட்டோப் பிரதியையும் படம் எடுத்துப் போடுகிறேன். காசு சேர்க்க வரும் பெடியன் காலையில் படலையில் நின்று, பொலிசில் சொல்லி உள்ளே போடுவோம் என்று அயலுக்கெல்லாம் கேட்கச் சத்தம் போட்டுவிட்டுப் போனான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கனடாச் சின்னமாமா, மாலை 5.50
அக்கா, இதற்காக ஏன் அழுதுகொண்டிருக்கிறீர்கள்? நான் நாளைக்கே முழுக் காசையும் போட்டுவிடுகிறேன், அவனுடைய முகத்தில் எறிந்துவிட்டு வாருங்கள். கோடு கச்சேரி என்று அலைவது நமக்குச் சரிவராது.

லோயர் மச்சாள், வவுனியா, மாலை 6.05
சித்தப்பா, தயவுசெய்து இப்போதைக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். மாமி, நான் கேட்பதற்கெல்லாம் குரல் பதிவு போடாமல் எழுத்திலேயே பதில் தாருங்கள். பிறகு தேடி எடுக்க வசதியாக இருக்கும். உங்கள் கையில் உண்மையாக வந்த காசு எவ்வளவு? இதுவரை எவ்வளவு கட்டினீர்கள்? அதற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது? கையெழுத்து வைத்தபோது அந்தக் கடதாசியில் என்ன எழுதியிருந்தது? வேறு ஏதாவது ஆவணத்தை அவரிடம் கொடுத்தீர்களா?

முரசுமோட்டைச் சித்தி, மாலை 6.31
கடன் 200,000 என்றுதான் பேச்சு. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. முதல் மாத வட்டி 20,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 180,000 ரூபாயைத்தான் எண்ணித் தந்தார். அதன்பிறகு 11 மாதம் 20,000 வீதம் கொடுத்தேன். வயலை வெள்ளம் கொண்டுபோன பிறகு கொடுக்க வழியில்லாமல் போய்விட்டது. ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒவ்வொரு மாதமும் திகதி போட்டு எழுதி, அந்தப் பெடியனிடம் சின்னக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். மூன்று தடவை வங்கியில் அவருடைய கணக்கிலேயே வைப்புச் செய்தேன், துண்டுகள் இருக்கின்றன. புறோநோட்டில் முத்திரைக்கு மேல் கையெழுத்து மட்டும்தான் வைத்தேன், மற்றதெல்லாம் வெறுமையாக இருந்தது. காணி அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதியையும் அவர் வாங்கி வைத்திருக்கிறார்.

பெரியமாமா, வட்டக்கச்சி, மாலை 6.44
தங்கச்சி, அனுமதிப்பத்திரத்தை ஏன் கொடுத்தாய் என்று இப்போது பேசிப் பயனில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். நமக்கு அந்தக் காணி காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்தது. அந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரக் காணியை நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றுவதற்காகக் கைப்பற்றவோ ஏலத்தில் விற்கவோ முடியாது. தனியாளிடம் அதை ஈடு வைத்ததாகவும் சட்டம் ஏற்காது. இரணைமடுக் குளத்துக்குக் கீழே பாதிப்பேருடைய அனுமதிப்பத்திரம் இப்படி யாராவது ஒருவருடைய அலுமாரிக்குள்தான் கிடக்கிறது. வைத்திருப்பவருக்கும் அது வெறும் கடதாசி என்று தெரியும், பயமுறுத்துவதற்கு மட்டும் அது உதவும்.

லோயர் மச்சாள், வவுனியா, இரவு 7.20
அப்பா சொன்னது சரி. நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மாமி. கறுப்பு வெள்ளைப் பிரதியிலும் வித்தியாசம் தெரிகிறது: உங்கள் கையெழுத்து மெல்லிய பேனையால் வைத்தது, தொகையும் திகதியும் தடித்த பேனையால் வேறொரு கை நிரப்பியவை. திகதி நீங்கள் காசு வாங்கியதற்கு ஒரு வருடத்துக்குப் பிந்தியது. வட்டி வீதத்துக்கு உரிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது.

கடனுக்குப் பிணையாக வாங்கும் புறோநோட்டில் உண்மையில் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டியே கழித்த வட்டி எவ்வளவு, வருட வட்டி வீதம் எவ்வளவு என்ற மூன்றும் தனித்தனியாகத் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அப்படி எழுதாத நோட்டை வைத்து வழக்கில் காசு அறவிட முடியாது; தவறுதலாக விடுபட்டது, சட்டத்தை ஏய்க்கும் எண்ணம் இருக்கவில்லை என்று நீதிமன்றம் திருப்திப்பட்டால் மட்டும் விலக்குக் கிடைக்கலாம். தொகையை வெறுமையாக விட்ட நோட்டைப் பிணையாக வாங்குவதை அந்தச் சட்டமே குற்றமாக வைத்திருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சட்டம். நம்முடைய சனத்தில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார், ஆனால் வட்டிக்காரருடைய லோயருக்கு அது நன்றாகத் தெரியும்.

கனடாச் சின்னமாமா, இரவு 7.28
அப்படியென்றால் ஒன்றும் கட்டத் தேவையில்லை என்றுதானே அர்த்தம்?

லோயர் மச்சாள், வவுனியா, இரவு 7.41
இல்லை, சித்தப்பா. மாமி 180,000 ரூபாயைக் கைநீட்டி வாங்கியிருக்கிறார், அதை வாங்கவில்லை என்று எந்த இடத்திலும் சொல்லக்கூடாது. சொன்னால் மற்றைய உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் வாங்கியது 180,000, கொடுத்தது 220,000. வட்டி அளவுக்கு மிஞ்சியது, பேரம் கொடுமையானது என்று கண்டால் கணக்கை மறுபடி திறந்து நியாயமான தொகையைத் தீர்மானிக்க அதே 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதைவிட, தனியார் ஒருவர் வழக்கில் அறவிடக்கூடிய வட்டி முதலைத் தாண்டக்கூடாது என்பது 1852ஆம் ஆண்டிலிருந்தே நம்முடைய சட்டம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு 450,000 ரூபாயை முகத்தில் எறிவது யாருக்கு லாபம்?

குமுழமுனைத் தம்பி, இரவு 7.55
மச்சாள், பொலிஸ் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. அதற்குத்தானே சித்தி அதிகம் பயப்படுகிறார்.

லோயர் மச்சாள், வவுனியா, இரவு 8.02
கடன் கட்ட முடியாமற் போவது குடியியல் விடயம், அதற்காக ஒருவரைப் பொலிஸ் தடுத்து வைக்க முடியாது. கணக்கில் காசில்லாமல் கொடுத்த காசோலை திரும்பினால் கதை வேறு, அது 1990ஆம் ஆண்டுக் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றம். மாமி காசோலை கொடுக்கவில்லை. அந்தப் பெடியன் மறுபடி வந்து படலையில் சத்தம் போட்டால், அச்சுறுத்துகிறார் என்று நாங்கள்தான் பொலிசில் முறைப்பாடு போட வேண்டும். போட்டால் முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லோயர் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்தால் தானாகச் செத்துவிடும் என்று நம்முடைய ஆட்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது மிகவும் பிழை. கொடுக்கல் வாங்கல் விடயத்தில் ஒருவர் இன்னதுதான் நடந்தது என்று கடிதத்தில் எழுதினால், அதை மறுப்பவர் பதில் எழுத வேண்டும் என்று 1948இலேயே உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மௌனமாக இருந்தால் அது ஒப்புக்கொண்டதாக எடுக்கப்படலாம். ஆகவே 14 நாட்களுக்குள் மாமியின் பதில் பதிவுத் தபாலில் போக வேண்டும். நான் எழுதித் தருகிறேன். தபால் துண்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

பெரியமாமா, வட்டக்கச்சி, இரவு 8.25
நான் மத்தியஸ்த சபையில் இருந்த காலத்தில் இப்படி எத்தனையோ பிணக்குகளைப் பார்த்தேன். இந்த அளவான தொகைக்கு அவர் நேராக மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக முடியாது, முதலில் மத்தியஸ்த சபைக்கு வந்து, இணங்கவில்லை என்ற சான்றிதழை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தங்கச்சியே விண்ணப்பம் கொடுக்கலாம். அங்கே இரு தரப்புக்காகவும் லோயர்மார் தோன்றுவதில்லை. ஆளுக்கு ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யலாம், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். வட்டிக்காரர்கள் அங்கே வரும்போது தோரணை குறைந்துவிடும்; நோட்டை மேசையில் வைத்து இதை யார் நிரப்பியது என்று கேட்டால் பலருக்கு வாய் அடைத்துப்போகும். ஆனால் மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அங்கே சம்மதிக்கும்படி யாரும் நெருக்கினால், யோசித்துச் சொல்கிறேன் என்று அடுத்த திகதி கேள்.

முரசுமோட்டைச் சித்தி, இரவு 8.40
போன கிழமை அந்தப் பெடியன், பழைய நோட்டைக் கிழித்துவிட்டுப் புது நோட் எழுதினால் ஆறு மாதத் தவணை தரலாம் என்றான். சம்மதித்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தேன்.

லோயர் மச்சாள், வவுனியா, இரவு 8.46
மாமி, அதை மட்டும் செய்யாதீர்கள். புது நோட்டில் 450,000 என்று நீங்களே கைப்பட ஒப்புக்கொண்டது போலாகிவிடும், நான் மேலே சொன்ன குறைகளும் அதில் இருக்காது. எழுத்திலான கடனுக்கு வழக்கு வைக்க ஆறு வருடம் என்ற காலவரையறையும் புதிதாக ஓடத் தொடங்கும். ஏதாவது இணக்கம் வந்து காசு கட்டினாலும் பெடியனுடைய கையில் கொடுக்கக்கூடாது; வங்கியில் போட்டு, பழைய நோட்டின் மூலப்பிரதியையும் அனுமதிப்பத்திரத்தையும் அதே நாளில் கையில் வாங்க வேண்டும். அவ்வாறு இணக்கம் வந்தால் சித்தப்பாவின் காசு அப்போது உதவும்.

குமுழமுனைத் தம்பி, இரவு 9.03
இதையெல்லாம் வாசிக்க எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. போன வருடம் கூட்டாளி ஒருவன் லீசிங்கில் லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) எடுத்தபோது நான் ஆள்பிணை நின்றேன். அவன் இப்போது கட்டார் போய்விட்டான், கொம்பனியில் இருந்து எனக்குத்தான் போன் வருகிறது.

லோயர் மச்சாள், வவுனியா, இரவு 9.15
பிணைப் பத்திரத்தில், முதலில் கடனாளியிடம் கேள் என்று சொல்லும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வாசகம் அநேகமாக இருக்கும். இருந்தால் கொம்பனி நேராக உங்களிடமே வரலாம், மச்சான். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் பிணையாளியாக உங்கள் பெயர் விழுந்திருக்கும். நீங்கள் கட்டினால் கட்டிய காசைக் கூட்டாளியிடமும் வேறு பிணையாளி இருந்தால் அவருடைய பங்கை அவரிடமும் கேட்க உரிமை உண்டு. கொம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதாக இருந்தால், முதலில் கொம்பனிக்கே எழுத்தில் முறையிட்டு, பதில் சரியில்லாவிட்டால் 1935 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவிடம் சொல்லலாம். மாமியின் ஆள் அனுமதி எதுவும் இல்லாத தனியாள் என்பதால் அந்த வழி அவருக்கு உதவாது. உங்கள் பத்திரத்தைத் தனியாக எனக்கு அனுப்புங்கள்.

முரசுமோட்டைச் சித்தி, இரவு 9.24
பிள்ளை, ஒருவேளை வழக்கே வந்துவிட்டால்?

லோயர் மச்சாள், வவுனியா, இரவு 9.33
வந்தால் அழைப்பாணையில் உள்ள திகதியைப் பாருங்கள், அன்றைக்கு வயலில் என்ன வேலை இருந்தாலும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்பாகிவிடும். சாதாரண நடைமுறையில், அந்தக் கட்டளை கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் நியாயமான காரணத்தோடு விண்ணப்பித்து அதை நீக்கலாம். அதுவும் போனால் கையில் இருக்கும் நல்ல நியாயங்கள் எல்லாம் வீண். கிளிநொச்சியில் எனக்கு வர முடியாத நாளில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானம் குறைந்தவர்களுக்காக அவர்கள் இலவசமாகத் தோன்றுவார்கள்.

பெரியமாமா, வட்டக்கச்சி, இரவு 9.40
மத்தியஸ்த சபை விண்ணப்பத்தை நாளைக்கு நானே நிரப்பி வைக்கிறேன். தம்பி, சனிக்கிழமை காலை சித்தியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வா.

முரசுமோட்டைச் சித்தி, இரவு 9.47
சீ.ஆர். கொப்பியைத் தந்துவிடவா, பிரதி எடுத்துத் தரவா?

லோயர் மச்சாள், வவுனியா, இரவு 9.50
முழுக் கொப்பியையும் அட்டையோடு சேர்த்து ஒவ்வொரு பக்கமாகப் பிரதி எடுங்கள், வெறும் பக்கங்களையும் விடாமல். மூலக் கொப்பியையும் வங்கித் துண்டுகளையும் யாரிடமும், என்னிடம்கூட, கொடுக்க வேண்டாம். காட்டிவிட்டு நீங்களே திருப்பி எடுத்துச் செல்லுங்கள்.