ஆட்களைப் படமெடுக்கும்போது ஷட்டர் சத்தம் ஒரு பொருட்டா?

வெளிச்சக்கீற்று (கேள்வி):
வணக்கம். முதியவர்களை அவர்களுடைய வீட்டிலேயே, பேசிக்கொண்டிருக்கும்போது இயல்பாகப் படமெடுப்பதில் எனக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு. என்னிடம் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா. சிறிய அறைக்குள் அதன் சத்தம் பெரிதாகவே கேட்கிறது. கேட்டவுடன் பேச்சு தடைபடுகிறது, சிலர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சத்தமில்லாத மிரர்லெஸ் (உள்ளே அசையும் கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாறினால் இது தீருமா, அல்லது கேமரா எதிரில் இருப்பதே அவர்களை இறுக்கமாக்குகிறதா?

கரிசல்காட்டான்:
டிஎஸ்எல்ஆரில் நம் காதில் விழுவதில் பெரும்பகுதி ஷட்டரின், அதாவது ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் திரையின், ஓசை அன்று. லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக இருக்கும் கண்ணாடி மேலே எழுந்து மோதி, மறுபடி கீழே இறங்கும் ஓசை அது. அந்தக் கண்ணாடி இல்லாத லைக்கா எம் வகை ஃபிலிம் கேமராக்களும், லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் அமைந்த ரோலைஃபிளெக்ஸ் போன்றவையும் மிக மெதுவாகவே ஒலிக்கும். உங்கள் கேமராவில் அமைதி முறை இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி மெதுவாக இறங்குவதால் ஓசை ஓரளவு மட்டுப்படும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1/125 விநாடியில் எடுக்கும்போது, சத்தம் காதில் விழுந்து முகபாவம் மாறுவதற்குள் அந்தப் படம் பதிவாகி முடிந்துவிடுகிறது. ஆகவே சத்தம் கெடுப்பது எடுத்த படத்தை அன்று, அடுத்து எடுக்கவிருக்கும் படத்தை. தொடர்ச்சியாகப் பல படங்களை எடுத்துத் தள்ளாமல், சரியான கணத்துக்காகக் காத்திருந்து ஒன்றை எடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்பவருக்கு இந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிடும்.

நிழல்மரம்:
முந்தைய பதிலை ஏற்கிறேன். ஆயினும் திரை எதுவும் அசையாமல் மின்னணு முறையிலேயே படம் பதியும், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை நம்பிப் புதிய கேமரா வாங்குமுன் அதன் குறைகளையும் அறிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கேமராக்களில், ஒளியைப் படமாகப் பதிக்கும் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் பதிவாவதில்லை, வரிவரியாகப் படிக்கப்படுகிறது. அதனால் பேசும்போது வேகமாக அசையும் கை வளைந்து பதிவாகலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மின்னுகின்றன. வேகமான ஷட்டரில் எடுத்தால் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழும். 1/50 அல்லது 1/100 விநாடி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சென்சாரை மிக வேகமாகப் படிக்கும் சோனி ஏ9 (2017), மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாத நிக்கான் இசட்9 (2021) போன்றவற்றில் இச்சிக்கல்கள் வெகுவாகக் குறைந்துள்ளன. ஆனால் அவற்றின் விலை நம்மில் பலருக்கு எட்டாதது.

எலக்ட்ரானிக் முதல் திரை என்ற இடைவழி பல மிரர்லெஸ் கேமராக்களில் உண்டு. அதில் பதிவு மின்னணு முறையில் சத்தமின்றித் தொடங்கும், படம் பதிவாகி முடியும்போதுதான் மெக்கானிக்கல் திரை மூடி ஓசை எழும். வீட்டுக்குள் எடுப்பதற்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

அகல்விளக்கு:
சத்தத்தை அறவே நீக்குவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கச்சேரியிலோ, நேரடி ஒலிப்பதிவு நடக்கும் படப்பிடிப்புத் தளத்திலோ அது கட்டாயம் வேண்டும். மிரர்லெஸ் வருவதற்கு முன் தளங்களில் கேமராவைச் சத்தம் அடக்கும் பெட்டிக்குள் வைத்தே எடுத்தார்கள். ஒருவரை அவருடைய வீட்டில் எடுப்பது வேறு. அங்கே அந்த ஓசை, "இப்போது உங்களைப் படமெடுத்தேன்" என்று அவருக்குத் தெரிவிக்கிறது. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் விற்கப்படும் கைப்பேசிகளில் கேமரா ஒலியை அணைக்க முடியாதபடி வைத்திருப்பதற்குக் காரணமே, ஒருவர் அறியாமல் அவரைப் படமெடுப்பதைத் தடுப்பதுதான்.

மேலும், வேண்டுமென்றே அமர்ந்து படம் எடுத்துக்கொள்பவருக்கு ஓசை ஒரு துணை. அது கேட்காவிட்டால் எப்போது கண்ணிமைக்கலாம், எப்போது தோளைத் தளர்த்தலாம் என்று தெரியாமல் அவர் விறைத்துப்போய் இருப்பார்.

வெளிச்சக்கீற்று:
அனைவருக்கும் நன்றி. கேமராவை இப்போதைக்கு மாற்றப் போவதில்லை. தொடர்ச்சியாக எடுப்பதை நிறுத்திவிட்டு அமைதி முறையில் முயன்று பார்க்கிறேன். ஒரே ஓர் ஐயம்: பேச்சு தொடங்கும் முன்பே சில படங்களை எடுத்து அந்த ஓசைக்கு அவர்களைப் பழக்குவது உதவுமா?

கரிசல்காட்டான்:
உதவும். கேமராவை அவர்கள் கையில் கொடுத்து, அவர்களையே ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளையையோ உங்களையோ எடுக்கட்டும். அந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் அதற்கு அவ்வளவாகத் திடுக்கிடுவதில்லை.