கல் ஆலையில் மாவு சூடாக வந்தால் எங்கே பார்ப்பது

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய நீராலையில் மாவு சூடாக வருகிறது, மேல்கல்லை இன்னும் கொஞ்சம் இறக்கலாமா என்று தம்பி கேட்டிருந்தார். இறக்க வேண்டாம், முதலில் கல்லின் முகத்தைப் பாருங்கள். கொத்து, அதாவது கல் முகத்தில் உளியால் வெட்டிய பள்ளங்களும் கோடுகளும், மழுங்கிய கல் தானியத்தை வெட்டாது, நசுக்கும். நசுங்க நசுங்கச் சூடு ஏறும். தானியத்தின் ஈரம் ஆவியாகி மாவைப் பள்ளங்களில் அப்ப வைக்கும். அதற்கு மேல் கல்லையும் நெருக்கினால் மாவு கருகிய வாடை அடிக்கும்.

கீழ்க்கல் அசையாது, மேல்கல்தான் சுற்றும். 4 அடி விட்டமுள்ள மேல்கல் ஏறக்குறைய 1 டன் எடை. நிமிடத்துக்கு 120 சுற்று என்றால் அதன் விளிம்பு நொடிக்கு ஏழரை மீட்டர் ஓடுகிறது. மேல்கல்லின் அடிமுகம், தானியம் விழும் நடுத்துளையான நடுக்கண்ணைச் சுற்றிச் சற்றே குழிவாக இருப்பதால் முழுத் தானியமணி உள்ளே நுழைகிறது. விளிம்பை நெருங்க நெருங்க இடைவெளி மெல்லிய தாள் அளவுக்குக் குறையும். கற்கள் எங்கேயும் ஒன்றையொன்று தொடக்கூடாது.

இரண்டு கல்லிலும் ஒரே வெட்டுதான். கல்லின் முகத்தைப் பிரிக்கும் பகுதிக்குப் பாத்தி என்று பெயர்; 10 பாத்தி, பாத்திக்கு 4 பள்ளம் என்பது பரவலாகக் காணப்படுவது. ஒன்றைக் கவிழ்த்து மற்றதன்மேல் வைக்கும்போது பள்ளங்கள் குறுக்கே வெட்டிக்கொண்டு கத்தரி மாதிரி வேலை செய்யும். பள்ளத்தின் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் மேட்டை (பள்ளங்களுக்கு நடுவே உள்ள தட்டையான பகுதியை) நோக்கிச் சரிவு. அந்தச் சரிவு மேட்டைத் தொடும் விளிம்பு கூராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் கொத்த வேண்டிய நேரம்.

கொத்துவதற்கு முன், காவிச் செம்மண் பூசிய நேரான மரச்சட்டத்தைக் கல்மேல் தேய்க்க வேண்டும். சிவப்பு ஒட்டிய இடமெல்லாம் மட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அங்கே மட்டும் அடித்து மட்டமாக்குங்கள். பிறகு பள்ள விளிம்பின் கூர்மையை மீட்டு, மேடுகளில் நுண்கோடுகள் போட வேண்டும். கைதேர்ந்தவர்கள் அங்குலத்துக்கு 16 கோடு வரை போடுவார்கள். மாவு நைஸாக வருவதும் தவிடு தூளாகாமல் பட்டையாகப் பிரிவதும் இந்தக் கோடுகளைப் பொறுத்ததுதான். கண்ணாடி போடாமல் உட்காரவே கூடாது, சில்லு தெறிக்கும்.

எந்தக் கல் என்பதும் முக்கியம். பிரான்ஸின் லா ஃபெர்த்தே-சூ-ஜுவார் கல் என்றால் துண்டுகளை ஒட்டி இரும்புப் பட்டை போட்டிருக்கும். மிகக் கடினம், உளி சீக்கிரம் மழுங்கும், அதனால் தீட்டிய உளிகள் பல கையில் இருக்கட்டும். இங்கிலாந்தின் டெர்பிஷர் மணற்கல் ஒரே துண்டு. மென்மையானது, சீக்கிரம் தேயும், வெள்ளை மாவுக்கு ஒத்துவராது. கால்நடைத் தீவனத்துக்கு அது போதும்.

கொத்து சரியாக இருந்தும் சூடு வந்தால், தானியம் விழும் அளவைப் பாருங்கள். மேல்கல்லோடு சுற்றும் தண்டு சதுரமாக இருந்தால், தானியத் தொட்டிக்குக் கீழே, தானியத்தை நடுக்கண்ணில் விழவைக்கும் சரிவுப் பலகையைச் சுற்றுக்கு 4 தடவை தட்டும், அதாவது நிமிடத்துக்கு 480 தட்டு. தண்ணீர் வரத்து கூடிக் கல் வேகமெடுத்தால் தட்டும் கூடும், தானியம் மிகுதியாக விழும், மேல்கல் தூக்கிக்கொள்ளும், மாவு கொரகொரக்கும். அப்போது கல்லை இறக்குவதைவிட மதகைக் கொஞ்சம் மூடுவதுதான் நல்லது. தானியத்தில் ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டினாலும் மாவு அப்பும். ரொம்பக் காய்ந்திருந்தால் தவிடு பொடிந்து மாவோடு கலந்துவிடும்.

தொட்டி காலியாகிக் கல் வெறுமனே ஓடுவதுதான் பெரிய ஆபத்து. கல்லோடு கல் உரசித் தீப்பொறி பறக்கும், மாவுத்தூசி நிறைந்த மர ஆலையில் அது போதும். பழைய ஆலைகளில் தானியம் குறைந்ததும் அடிக்கும் மணி ஒன்று தொட்டியில் இருக்கும். அதன் வார் அறுந்திருக்கிறதா என்று ஓட்டுவதற்கு முன் இழுத்துப் பாருங்கள்.

கொத்தி முடித்ததும் முதலில் தவிட்டைப் போட்டு ஓட்டி, வருவதைக் கொட்டிவிடுங்கள். அதில் கல்தூள் இருக்கும், மாட்டுக்கும் வேண்டாம்.