பெரியவீடு குடும்பக் குழு: சனிக்கிழமை காலை

விஜயா: மாமா இட்லியைத் தொடவே இல்லை. குமட்டுகிறதாம். காலை மாத்திரை கொடுக்கலாமா? செல்வி, டியூட்டியில் இருக்கிறாயா?

மல்லிகா: ராத்திரி என்ன கொடுத்தீர்கள் அண்ணி?

விஜயா: ரவா உப்புமா.

பாலு (துபாய்): அம்மா இருந்தவரை அந்த வீட்டில் உப்புமாவே கிண்டியதில்லை.

விஜயா: 🙏

செல்வி: அத்தை, இப்போதைக்கு எதையும் கொடுக்காதீர்கள். முதலில் நாடி பாருங்கள். தாத்தா மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, உங்கள் இரண்டு விரலை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், அதிலேயே துடிப்பு உண்டு. தாத்தாவுக்குத் துடிப்பு விட்டு விட்டு வரும், அதனால் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தப்பும்.

ரவி: பிபி மெஷின் 58 காட்டுகிறது.

செல்வி: கையால் மாமா. துடிப்பு ஒழுங்கில்லாதபோது மெஷினை நம்ப முடியாது.

பாலு: நான் அனுப்பியது நல்ல மெஷின்.

விஜயா: 49. இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

மல்லிகா: ஐயோ

செல்வி: இதயத்துக்குக் கொடுக்கிற லனாக்சின் மாத்திரை இன்று வேண்டவே வேண்டாம். 60க்குக் கீழே இருந்தால் எங்கள் வார்டில் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க மாட்டோம். குமட்டல், பசியின்மை இரண்டுமே அந்த மருந்து உடம்பில் கூடிப்போனதால் வரலாம். சிறுநீர் பிரிய வைக்கிற லாசிக்ஸ் மாத்திரை வேறு போகிறது, அதில் பொட்டாசியம் இறங்கினால் லனாக்சின் இன்னும் மோசமாக வேலை காட்டும். பார்க்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதா, கேளுங்கள்.

ரவி: டியூப்லைட் மஞ்சளாக எரிகிறது என்று வியாழக்கிழமையே சொன்னார். நான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

பாலு: என்ன சொன்னான்?

ரவி: புது டியூப் போட்டான். 350 ரூபாய்.

செல்வி: மாமா!! டிஸ்சார்ஜ் சீட்டில் லனாக்சினுக்கு நேரே என்ன இருக்கிறது?

ரவி: 0.25, 1-0-0, பக்கத்தில் 5/7. ஜூலை 5 மறுபடி வரச்சொல்லி எழுதியிருக்கிறார்கள்.

செல்வி: தேதி இல்லை மாமா. வாரம் ஏழு நாளில் ஐந்து நாள்தான் என்று அர்த்தம். நம் ஊரில் பெரும்பாலும் சனி, ஞாயிறு விட்டுவிடச் சொல்வார்கள். கிட்னி வழியாக மெதுவாகத்தான் வெளியே போகும், வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாக. நாள் தவறாமல் கொடுத்தால் சேர்ந்துகொண்டே போகும்.

மல்லிகா: அண்ணன் எதையும் கேட்டுச் செய்தால்தானே. வீட்டுப் பத்திர விஷயத்திலும் இப்படித்தான்.

ரவி: அது இப்போது எதற்கு?

செல்வி: எல்லா அட்டையையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். பின்பக்கம்.

விஜயா: 📷📷📷

செல்வி: மெட் எக்ஸ்எல், செலோகென் எக்ஸ்எல் இரண்டும் கொடுக்கிறீர்களா?

விஜயா: முதலாவது பழைய டாக்டர் எழுதியது. அடுத்தது இப்போது ஆஸ்பத்திரியில் கொடுத்தது. இரண்டிலும் ஒவ்வொன்று காலையில்.

செல்வி: அத்தை, பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர். கீழே பொடி எழுத்தைப் படியுங்கள். இரண்டிலும் மெட்டோப்ரோலால்தான். அதுவும் நாடியைக் குறைக்கிற மருந்து, லனாக்சினும் குறைக்கும். 49 வராமல் என்ன செய்யும்?

பாலு: அப்படியானால் ஒன்றைப் பாதியாக உடைத்து, பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள்.

செல்வி: பொடிக்கவே கூடாது மாமா. நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டியது மொத்தமாக இறங்கிவிடும். நாமாக அடியோடு நிறுத்தவும் கூடாது, சட்டென்று விட்டால் நெஞ்சுவலியில் கொண்டுவிடும். இந்த வேளை கொடுக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் சொல்லட்டும். ஈசிஜி, பொட்டாசியம், கிரியாட்டினின் பார்ப்பார்கள். அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கிளம்புவதற்குள் மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் 108.

மல்லிகா: நான் திருச்சியில் பஸ் ஏறுகிறேன்.

பாலு: ஆவணியில் காதுகுத்து இருக்கிறதா இல்லையா? டிக்கெட் விலை ஏறுகிறது.

மல்லிகா: உனக்கு நேரம் காலமே தெரியாதா

செல்வி: வந்த பிறகு ஒரு நோட்டுப் போடலாம். நாடி, பிபி, என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்கு. ஒருவர்தான் கொடுக்க வேண்டும்.

விஜயா: யார்?

ரவி: ஆட்டோ வந்துவிட்டது. சீட்டு எங்கே?

விஜயா: ஃபிரிட்ஜ் மேலே.

பாலு: பணம் அனுப்பட்டுமா?

மல்லிகா: ராத்திரி ஆஸ்பத்திரியில் யார் தங்குவது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ரவி: ஈசிஜி எடுக்கிறார்கள். அப்புறம் பேசுகிறேன்.