உதவி: பதநீர் ஈஸ்ட், எஸ்யூசி2 ஜீன், 412-க்கு அப்புறம் ஒரே குழப்பம்

மேலூர்_ரோடு: அவசரம். பதநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட். சர்க்கரையை உடைக்கும் இன்வர்டேஸ் என்சைமுக்கான எஸ்யூசி2 ஜீனைப் பெருக்கி சீக்குவன்சிங்குக்கு (டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்க) அனுப்பினேன். 412-ஆவது எழுத்து வரை அழகாக வருகிறது, அங்கிருந்து கடைசி வரை வரைபடத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பீக். வெள்ளிக்கிழமை கைடிடம் காட்டணும்!

வைகைக்கரை: எந்தப் பிரைமரில் (படிப்பைத் தொடங்கி வைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) படித்தது? ஜெல்லில் எத்தனை பேண்டு, அதாவது எத்தனை அளவில் டிஎன்ஏ துண்டு? ஒரே செல்லிலிருந்து வளர்ந்த தனிக் காலனியா? சாக்கரோமைசிஸ் வகை ஈஸ்ட்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பழைய_பைப்பெட்: தம்பி, விவரம் தராமல் கேட்டால் ஜோசியமா பார்ப்பது? முதலில் பெயரைப் படியுங்கள். இந்த ஜீனின் முறைப்பெயர் ஒய்ஐஎல்162டபிள்யூ. ஒய் ஈஸ்ட், ஐ ஒன்பதாம் குரோமோசோம், எல் அதன் இடது கை, 162 குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரிலிருந்து எண்ணிய வரிசை, டபிள்யூ எந்த இழை என்பது. 1992-லேயே 35 ஆய்வகங்கள் கூடி மூன்றாம் குரோமோசோமின் 3,15,000 எழுத்தையும் படித்து முடித்தார்கள். நீங்கள் இந்த ஜீனின் 1,599 எழுத்துக்கே மூச்சு வாங்குகிறீர்கள். கலப்படக் காலனி, வேறென்ன.

பனங்காடு: சுண்ணாம்பு தடவிய கலயத்தில் ஈஸ்ட் எப்படி வரும்? நீங்கள் எடுத்தது கள்.

ஜெல்_பேண்டு: சுண்ணாம்பு குறைந்தால் மத்தியானத்துக்குள் நுரைத்துவிடும் அண்ணே.

பனங்காடு: ரோட்டோரம் விற்பதை வைத்துப் பேசாதீர்கள். எங்கள் பக்கம் கலயத்துக்குள் வெள்ளையடித்த மாதிரி இருக்கும்.

மேலூர்_ரோடு: தம்பி இல்லை சார், தங்கச்சி. பேண்டு ஒன்றுதான், 1600 பக்கம். ஈஸ்ட் இனத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் ஐடிஎஸ் பகுதி 850 பக்கம் வந்தது, அது சாக்கரோமைசிஸ் அளவுதான். மூன்று தடவை கோடிழுத்து எடுத்த காலனி. பார்வர்டு பிரைமரில், அதாவது முன்முனையிலிருந்து மட்டும்தான் படிக்க அனுப்பினேன், காசில்லை.

வைகைக்கரை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எழுத்து மட்டும் மாறியிருந்தால் அங்கங்கே ஓரிரு பீக்தான் இரட்டிக்கும். ஓரிடத்திலிருந்து கடைசி வரை இரட்டித்தால் ஒரு நகலில் சில எழுத்து கூடவோ குறையவோ இருக்கிறது. டேட்டாபேஸில் இருப்பது எஸ்288சி, குரோமோசோம்கள் ஒற்றைத் தொகுதியாக இருக்கும் லேப் ஈஸ்ட். வெளியில் பிடித்ததில் பெரும்பாலும் இரண்டு தொகுதி, அதாவது ஜீனுக்கு இரண்டு நகல் இருக்கும். கடைசி முனையிலிருந்து ரிவர்ஸ் படித்தால் 700, 800 எழுத்தோடு நின்றுவிடும், 412-ஐ எட்டாது. 900 பக்கம் உள்ளே ஒரு ரிவர்ஸ் பிரைமர் வையுங்கள்.

பழைய_பைப்பெட்: எஸ்யூசி1, எஸ்யூசி3 என்று குரோமோசோம் முனையான டெலோமியர் பக்கம் சொந்தக்கார ஜீன்களும் உண்டு. அதையும் சேர்த்துப் பெருக்கியிருக்கலாம். யாருக்கும் ஞாபகம் வராது!

(பத்து நாள் கழித்து)

மேலூர்_ரோடு: உள் ரிவர்ஸ் அதே இடம் வரை சுத்தம், தாண்டியதும் இரட்டை. மூன்று எழுத்து வித்தியாசம். ஸ்போராக்கி, இரண்டு நகலையும் பிரித்துத் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிவிட்டார் கைடு. நன்றி வைகைக்கரை அண்ணே.

பனங்காடு: கலயத்தில் சுண்ணாம்பு இருந்ததா இல்லையாம்மா?