முதல் மீட்டிங்குக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்?

திருச்சியிலிருந்து:

நேற்று ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, ஏ.ஏ. மீட்டிங் எங்க நடக்குதுன்னு விசாரிச்சு, கேட் வரைக்கும் போயிட்டேன். உள்ள போக முடியல, திரும்பிட்டேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. (ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் அமைப்பு.) அவருக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் உங்கள் முதல் நாளைச் சொல்லுங்கள்.

தம்பி, நான் மூன்று ஞாயிறு திரும்பி வந்தவன். ஒரு சர்ச் காம்பவுண்டுக்குள் பள்ளிக்கூடம், சாயங்காலம் ஆறு மணி. முதல் வாரம் எதிர் டீக்கடையில் நின்று, உள்ளே போகிறவர்களில் தெரிந்த முகம் இருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். டாஸ்மாக் திறப்பதற்கு முன்பே போய் நின்ற நாட்களில் அந்தக் கூச்சம் எனக்கு வந்ததே இல்லை. இரண்டாம் வாரம் தைரியத்துக்காகக் குடித்துவிட்டுப் போனேன், அதனாலேயே உள்ளே போகவில்லை. (போயிருக்கலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் கேட்பதில்லை.) மூன்றாம் வாரம் துணிந்து கேட்டைத் தாண்டினால் வகுப்பறை பூட்டிக் கிடந்தது. பள்ளியில் தேர்வு, அந்த வாரம் இடத்தை மாற்றிவிட்டார்கள். காவலாளிக்கு விவரம் தெரியவில்லை.

அதனால் முகவரியை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். முதலில் போன் செய்யுங்கள். நான்காவது வாரம் நான் அதைத்தான் செய்தேன். எடுத்தவரும் குடிநோயாளிதான். "எங்க நிக்கிறீங்க? அங்கயே இருங்க, வந்துடறேன்" என்றார். பத்து நிமிஷத்தில் டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

மூன்றாம் வகுப்பு அறை. சுவரில் உயிரெழுத்துச் சார்ட், குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகள், பதினோரு பேர். ஒரு பெரியவர் டீ ஊற்றிக்கொண்டே வந்தார். எல்லோருக்கும் முழு டம்ளர், எனக்கு மட்டும் அரை. முகம் சுருங்கியது. வாங்கும்போதுதான் புரிந்தது. என் கை அப்படி நடுங்கியது, முழு டம்ளராக இருந்தால் சட்டையில் கொட்டியிருக்கும். அவர் எதுவும் சொல்லவில்லை. குடித்து முடித்ததும் இன்னொரு அரை ஊற்றினார். நான் மறுபடி வந்ததற்கு அந்த இரண்டாவது அரை டம்ளர்தான் காரணம்.

அங்கே ஊர், வேலை, சாதி எதையும் கேட்பதில்லை. "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஒவ்வொருவராகப் பேசுவார்கள். விருப்பமில்லை என்றால் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். நான் ஐந்து வாரம் வாய் திறக்கவில்லை. கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றிவரும், உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். வெளியார் பணத்தை வாங்குவதில்லை.

பிரார்த்தனை வந்தபோது மட்டும் எனக்கு இடித்தது. பெரியார் படம் மாட்டிய வீட்டில் வளர்ந்தவன் நான். டீ ஊற்றிய பெரியவரிடமே கேட்டேன். "சாமி வேணாமா, சரி. இந்த ரூம்ல இருக்கிற பதினோரு பேரும் சேர்ந்தா உங்க ஒருத்தரை விட பலம்தானே? அதைப் பிடிச்சுக்கங்க" என்றார். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத்தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் உட்கார்ந்து பேசியதில்தான் ஏ.ஏ. தொடங்கியது என்று பிறகு படித்தேன். இருவருமே குடிநோயாளிகள். ஒரு குடிநோயாளி சொன்னால் இன்னொருவன் காது கொடுப்பான் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

சென்னையிலிருந்து, ஒரு மனைவி:

என் வீட்டுக்காரர் வர மாட்டேன் என்றார், நான் போனேன். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. 1951-ல் அமெரிக்காவில் தொடங்கி, இப்போது உலகம் முழுக்க நடப்பவை. பாட்டிலை ஒளித்து வைப்பது, சிங்க்கில் கொட்டுவது, அவர் ஆபீசுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வது, இதுவே என் வாழ்க்கையாக இருந்தது. "இதுக்கு நீ காரணம் இல்லம்மா, உன்னால கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது" என்று அங்கே ஒரு அக்கா சொன்னபோது அழுதுவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை ஆபீசுக்குப் போன் செய்யவில்லை. அவரே செய்ய வேண்டியதாயிற்று. எட்டு மாதம் கழித்து ஏ.ஏ.வுக்குப் போனார். நடுவில் இரண்டு சறுக்கல். இப்போதும் போகிறார். தனியாகப் போகப் பயமென்றால் ஓபன் மீட்டிங் எது என்று கேளுங்கள், அதற்குக் குடும்பத்தாரும் கூட வரலாம். க்ளோஸ்டு மீட்டிங் குடிநோயாளிகளுக்கு மட்டும்.

மதுரையிலிருந்து:

ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். என் அண்ணன் வைராக்கியமாக நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு, மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று துணியால் அடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாரும் மருத்துவம் பார்ப்பதில்லை. முதலில் டாக்டரைப் பாருங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். அண்ணன் வார்டிலிருந்து வந்த வாரமே மீட்டிங்குக்குப் போனார்.

திருச்சியிலிருந்து:

மதுரையிலிருந்து எழுதியவர் சொன்னது ரொம்ப முக்கியம். தம்பி, டாக்டரைப் பார்த்தீர்களா என்று முதலில் சொல்லுங்கள். ஞாயிறு ஐந்தரைக்கு அந்த டீக்கடையில் நிற்கிறேன். நீல ஹெல்மெட்.