பத்து வயசிலயே பெரியாக்களோ? கண்டதைச் சொல்லுங்கோ, பேர் வேண்டாம், ஊர் காணும்

முரசுமோட்டை:
தரம் 5 பிள்ளை ஒண்டு, ரியூசன் வாசலில நிண்டு ரிக்ரொக் கணக்குத் திறக்குது. பிறந்த ஆண்டு கேட்டவுடன விரலால ஒரே இழுவை, 1999இல போய் நிண்டுது. பொய்யை விட அந்த வேகம்தான் இன்னும் மனசுக்க நிக்குது.

வட்டக்கச்சி:
முழுச் சிக்கலும் அந்த இழுவையாலதான். 13 வயசுக்குக் கீழ ரிக்ரொக் கணக்கே இல்லை. 13–15 எண்டு குடுத்தால் கணக்கு தானாவே வெளியாக்களுக்குப் பூட்டிக் கிடக்கும், 16க்குக் கீழ தனிச்செய்தி வராது, 18க்குக் கீழ லைவ் போகேலாது. 1999 எண்டு போட்டால் இந்தக் காவல் எல்லாம் போச்சு. முன்பின் தெரியாதவனும் நேர எழுதுவான். கணக்கை அழிக்கிறதுதான் சுகம்.

கேட்காட்டிலும் சொல்லுறன். தனிப் போன் எண்டால், உண்மையான பிறந்த திகதியில புதுக் கூகிள் கணக்கு, தேப்பன்ர போனில பமிலி லிங்க், பிள்ளையின்ர போனைத் தேப்பன் கட்டுப்படுத்துற கூகிள் அப். அப் இறக்க அனுமதி கேட்கும், இரவில பூட்டலாம். பிழைக்கிற இடம், தேப்பன்ர போன் பூட்டு இலக்கம் பிள்ளைக்குப் பாடம். அனுமதியைத் தானே அமத்திப்போடும். கனவீட்டில ஒரே போன்தான், கொரோனாக்கால சூம் வகுப்புக்கு வாங்கினது. அங்க பமிலி லிங்க் சரிவராது. யூரியூப்பில கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறையைப் போட்டு, பாத்த வரலாற்றையும் நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி தேப்பன் இரவு பாத்ததை வைச்சுத்தான் காலமை பிள்ளைக்கு வீடியோ வரும்.

மாங்குளம்:
போன் போன் எண்டு நிக்கிறியள், உடம்பும்தான் முந்துது. சாமத்திய வீடு ஒண்டு, பிள்ளைக்கு ஒன்பதரை வயசு. நாலாவது சீலை மாத்தி, ட்ரோனைப் பாத்துச் சிரி எண்டு கத்துறாங்கள். அது மேடைக் கதிரையில நித்திரை. பதாகை அடிக்க முதல் ஆஸ்பத்திரிக்கெல்லோ போயிருக்கவேணும். பெண்பிள்ளைக்கு 8 வயசுக்கு முன்னம் மார்பு வளரத் தொடங்கினாலோ, 10க்கு முன்னம் பெரியபிள்ளையானாலோ, ஆண்பிள்ளைக்கு 9க்கு முன்னம் மாற்றம் தெரிஞ்சாலோ காட்டுங்கோ. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின்ர வயசு பாப்பினம். எலும்பு முந்தி முத்தினால் முதலில வகுப்பிலயே உயரமாய்த் தெரியும், பிறகு வளர்த்தி கெதியில நிண்டுபோம். மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய 2 வருசத்தாலதான் மாதவிடாய் வரும். அதுக்குள்ள போனால் தள்ளிவைக்க ஊசி இருக்கு.

விசுவமடு:
இப்பதான் கெட்டுது எண்ட மாதிரிக் கதைக்கிறியள். 2009இல பங்கருக்கு மண் அள்ளின 10 வயசுகளிட்ட என்ன ரிக்ரொக் இருந்தது? தாய் வெளிநாட்டில எண்டால் இப்பவும் மூத்தவள்தான் தாய். கடையில ஒருத்தி, 11 வயசு இருக்கும்: பருப்பு கால் கிலோ, தம்பிக்குப் பனடோல் சிரப். மிச்சக் காசை எண்ணிப்போட்டு "20 ரூபா காணாது" எண்டாள். கெட்டிக்காரி எண்டு சனம் சிரிக்குது. இப்பிடியான பிள்ளை திங்கள், வெள்ளி பள்ளிக்கு வராமல் விடத் தொடங்கினால் பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிட்டச் சொல்லுங்கோ. 16 வயசு வரைக்கும் பள்ளிக்கூடம் கட்டாயம். அவசரமெண்டால் சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அடியுங்கோ.

முரசுமோட்டை:
நான் ரிக்ரொக்கைப் பற்றித்தானே சொன்னனான். தாயின்ர நம்பரில பதிஞ்சு கிடக்கு. தாய்க்குச் சொல்லாமல் அழிப்பிக்கலாமோ?

வட்டக்கச்சி:
சொல்லிப்போட்டு அழியுங்கோ. ஓடிபி அவவின்ர போனுக்குத்தான் வரும்.